மானிட்டருக்குப் போன சத்தம்

செவ்வாய், இரவு.

இன்று வேலைக்குச் சேர்ந்த இசக்கியை எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பாதுகாப்பு வீடியோவை முழுக்கக் கேட்காமல் புது ஆட்கள் எங்கள் தொழிற்சாலையின் உற்பத்தி லைனுக்குள் போகக்கூடாது. டிரெய்னிங் ஹால் கம்ப்யூட்டரில் நேற்று லினக்ஸ் அப்டேட் போட்டது நான்தான். காலையில் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஸ்பீக்கர் வயரை மாற்றினேன். சவுண்ட் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

முதல் வரிசையிலிருந்து இசக்கி எழுந்து வந்தாள். தென்காசிப் பக்கமாம். "அண்ணே, சத்தம் எங்க போவுதுன்னு பாத்தியளா?" என்று செட்டிங்ஸைத் திறந்தாள். அப்டேட்டுக்குப் பிறகு சத்தமெல்லாம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. பட்டியலில் ஸ்பீக்கரைத் தொட்டாள். ஹால் அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னாப்பா, அஞ்சு வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். "அண்ணன்தான் எல்லாஞ் சரிபண்ணி வச்சிருந்தாவ சார், நான் கடைசியில ஒண்ணு அமுக்குனேன், அவ்வளவுதான்" என்றாள் அவள். எனக்காகப் பரிந்து பேச இவள் யார்?

பென்னலூரில் நான் தங்கியிருக்கும் ரூமில் என் கம்ப்யூட்டரும் ஞாயிற்றுக்கிழமை அப்டேட்டிலிருந்து ஊமைதான். இப்போது திறந்து பார்த்தேன். அதே கோளாறு. ஒரு க்ளிக் போதும்.

அணைத்துவிட்டேன். அவள் காட்டிய வழியில் வரும் பாட்டு எனக்கு வேண்டாம்.