வாப்பாவின் பெருவிரல்

அன்பு மகன் சஃப்வானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் இங்கே இருவரும் சுகம், வாப்பா கொஞ்சம் அதிகச் சுகம். தோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க துஆ. போனில் சொல்ல வந்தால் வாப்பா பிடுங்கிக்கொண்டு தன் கதையை ஆரம்பித்துவிடுகிறார், அதனால்தான் ஊருக்கு வந்துவிட்டுத் தோஹா திரும்பும் நௌஷின் கையில் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன்.

வாப்பாவின் கால் பெருவிரல் தப்பித்துவிட்டது மகனே! சர்க்கரைப் புண்ணுக்குப் புது வைத்தியம் என்று சொன்னேனே, காலையில் டாக்டர் தேவிகா புண்ணில் களிம்பு பூசி வெளிச்சம் படாமல் கட்டி அனுப்புவார், மதியம் போய்க் கட்டைப் பிரித்துச் சிவப்பு விளக்குக் காட்ட வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சீக்கிரம் ஆறுமாம். ஆனால் ஆறவே இல்லை. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்மா, இல்லேன்னா விரலை எடுத்துட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நீ போனில் அழுதாய், நான் வைத்த பிறகு அழுதேன்.

காரணம் என்ன தெரியுமா, நம் ஊர்ப் பாசம்தான்! விசாரிக்க வந்தவர்கள் சாத்துக்குடியை வைத்துவிட்டுச் சும்மா போவார்களா, வாப்பாவிடம், மதார் நானா, புண்ணைக் காட்டுங்க பாப்போம் என்பார்கள், இவரும் புது மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டிக் கட்டை அவிழ்ப்பார். பக்கத்து வீட்டு அமீர் நிஷா மாமி கண்ணாடி எடுத்து வராததால் செல்போன் டார்ச் அடித்தே பார்த்தார்! இருட்டில் இருக்க வேண்டிய மருந்து இப்படி வெளிச்சம் குடித்தால் மதியம் விளக்கு வந்து என்ன செய்யும்? இதைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டது.

மறுநாளே உன் பழைய கறுப்பு ரெயின்கோட்டின் கையை வெட்டி வாப்பா காலில் மாட்டி இறுக்கி முடிச்சுப் போட்டேன், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முகத்தைப் பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போங்க, காலைப் பாக்க முடியாது என்று ஒரே பேச்சு. வரிச்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்கூட முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஷரீபுன்னிசாவுக்கு, அதாவது எனக்கு, மகன் சம்பாத்தியம் தலைக்கேறிவிட்டதாம். பேசட்டுமே! புண் சிவந்தது, சுருங்கியது, தோல் மூடியது. இனிக் கட்டு வேண்டாம், செருப்பில்லாமல் மட்டும் நடக்காதீங்க என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நேற்று மஃரிப் தொழுகைக்கு வாப்பா இத்தனை நாள் உட்கார்ந்து தொழுத நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் முசல்லா விரித்தார். நான் பின்னால் நின்றேன். அத்தஹிய்யாத் ஓத உட்கார்ந்து வலது காலை நட்டு விரல்களை மடக்கினார் பார், ஐந்தும் இருக்கிறது, பெருவிரல் முசல்லாவில் அழுந்தி நிற்கிறது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், என் தொழுகை முறிந்துபோனது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியவர், என்ன புள்ள, தொழுகையில சிரிப்பு என்று அதட்ட ஆரம்பித்தார், என் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நீ மறுபடி தொழு, நான் கூடவே உக்காந்திருக்கேன் என்றார்.

ஆபரேஷனுக்கென்று கேட்ட லீவை விட்டுவிடாதே, பெருநாளுக்கு மாற்றிக்கொள். உனக்கும் வாப்பா ரத்தம்தான், சர்க்கரை பார்த்துவிட்டு எனக்குச் சொல். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

உன் மேல் உயிரான உம்மா,
ஷரீபுன்னிசா
காரைக்கால்