கேன்டீனுக்கு எதிர் அறை

கிளிஞ்சல்மேடு
20-1-2025

மரியாதைக்குரிய நித்யஸ்ரீ மேடம்,

இரண்டாம் ஆண்டு பி.காம். பாரதிப்ரியா எழுதுவது. மனசு சரியில்லை என்றால் உங்கள் ஆலோசனை அறைக்கு வரச் சொன்னீர்கள். எப்படி வருவது? கேன்டீனுக்கு எதிரே அறையைப் போட்டிருக்கிறார்கள். உள்ளே கால் வைத்தால் வடை தின்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் மெயில்.

அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கார்த்திகையில் ஒருநாள் காற்றில் மாட்டி, இருட்டிய பிறகுதான் கரை சேர்ந்தார். அன்றிலிருந்து படகு திரும்பிவிட்டது என்று தெரியும்வரை என்னால் வகுப்பில் உட்கார முடியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, எழுந்து வெளியே போய்விடுகிறேன். வருகைப்பதிவு குறைந்துவிட்டது. இப்படியே போனால் தேர்வு எழுத விடமாட்டார்களாம்.

வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாரதிப்ரியா

காரைக்கால்
21-1-2025

அன்புள்ள பாரதிப்ரியா,

அறையை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கும் வாய் வலித்துவிட்டது. உனக்கு வந்திருப்பது பயம். அதற்கு வழி உண்டு. படபடப்பு வந்ததும் எழுந்து ஓடாதே. பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விடு. கொஞ்சம் தாங்கினால் தானே இறங்கும்.

நான் குரும்பகரத்தில் வயலுக்கு நடுவே வளர்ந்தவள். கடலைப் பற்றி நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். எழுது.

அன்புடன்,
நித்யஸ்ரீ

28-1-2025

பாரதிப்ரியா,

ஒரு வாரமாக நீ வகுப்புக்கே வரவில்லையாம். மெயிலுக்கும் பதில் இல்லை. இருப்புக் கொள்ளாமல் இன்று காலை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். "காரைக்கால்லேர்ந்து பேசறேங்க" என்றதுமே ஓர் அலறல். போன் கீழே விழுந்தது. பிறகு யாரும் எடுக்கவில்லை. என்ன ஆயிற்று?

நித்யஸ்ரீ

29-1-2025

மேடம்,

ஆண்கள் கடலில் இருக்கும் நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா அப்படியே கரைக்கு ஓடினாள். பின்னால் தெருவே ஓடியது. அப்பா மீனோடு வந்து இறங்கியபோது அவருக்காகவே ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது.

கல்லூரிக்கு என்று கிளம்பி, தினமும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஓடி வந்ததும் என்மேல்தான் வந்து விழுந்தாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. உங்களை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். இனி எழுத மாட்டேன்.

பாரதிப்ரியா

30-1-2025

அன்புள்ள பாரதிப்ரியா,

உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் செய்தேன். ஆனாலும் தப்பு தப்புதான். என்னை மன்னித்துவிடு. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

என்னிடம் வரப் பிடிக்காவிட்டால் வேறு ஆலோசகரிடம் அனுப்புகிறேன். தேர்வை மட்டும் விட்டுவிடாதே. துறைத் தலைவரிடம் நான் பேசட்டுமா? நீ சரி என்றால்தான் பேசுவேன்.

நித்யஸ்ரீ

3-2-2025

மேடம்,

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் துறைத் தலைவரிடம் பேசுங்கள்.

அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தாள். நேற்று மீன் அரிந்துகொண்டே கேட்டாள்: "ஏண்டி, நெஞ்சு அடிச்சிக்கிறதுக்கெல்லாமா காலேஜுல ஆளு வச்சிருக்காங்க?"

ஆமாம் என்றேன். மீதி மீனையும் அரிந்து முடித்தாள்.

"பெரியவங்களையும் பார்ப்பாங்களா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கும் இப்படித்தானாம். அப்பாவிடம்கூடச் சொன்னதில்லையாம்.

நாளை காலை இடைவேளையில் அவளை அழைத்து வருகிறேன். அப்பா அப்போது கடலில்தான் இருப்பார். வடை தின்கிறவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அம்மாவை உங்களிடம் விட்டுவிட்டு, நான் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பாரதிப்ரியா