உன் அப்பாவுக்கு மூக்கு திரும்பி வந்தது

ஹல், இங்கிலாந்து,
நவம்பர் 15, சனிக்கிழமை

அன்புள்ள ஹேஸல்,

இங்கே நாங்கள் இருவரும் நாயும் நலம். நீயும் மாப்பிள்ளை கேலமும் நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில் பார்க்கிறேன், ஆனாலும் தாளில் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கிறது, ஆகவே கேட்கிறேன், நலம்தானே. பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பேசும்போது உன் அப்பா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்கிறார், போதாததற்கு அவர் விடும் ஆவியில் உன் முகம் பாதி மறைந்துவிடுகிறது. போன மாதம் நீ கல்யாண உடையைக் காட்டினாய், எனக்குத் தெரிந்தது ஒரு தோளும் கொஞ்சம் மேகமும். அழகான தோள். மீதியை பிப்ரவரியில் நேரில் பார்த்துக்கொள்கிறேன், என் டிக்கெட் மார்ச்சிலேயே எடுத்தாயிற்று என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது உன் அப்பாவுடைய டிக்கெட்டின் கதை. அவர் வருவாரா என்று நீ கேட்கும்போதெல்லாம் "வராம இருப்பேனா" என்று சொல்லிவிட்டு நாயைப் பார்க்க எழுந்து போனாரே, அதன் காரணத்தை இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. எழுதத் தொடங்கினால் என்னைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது, அதை முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்.

கேரவன் தொழிற்சாலையில் வசந்த காலத்திலிருந்து அவருக்கு வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான். வீட்டுக் கடன் என் சம்பளத்தில் போகிறது, அது அவருக்குத் தொண்டையில் முள். உங்கள் டிக்கெட்டையும் நானே எடுத்துவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, "எம்பொண்ணு கல்யாணத்துக்கு எம்பொண்டாட்டி காசுல போய் நிக்கணுமா, அதுக்கு நான் இங்கயே நாயைப் பாத்துட்டுக் கிடப்பேன்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் வேலையில்லாத வியாழக்கிழமை ஹெஸ்ல் சாலையில், முன்பு இறைச்சிக் கடையாக இருந்த இடத்தில் புதிதாகத் திறந்திருக்கும், மின்சிகரெட் விற்கும் வேப் கடைக்குள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டுப் பிரசுரம், முகத்தில் ஆறாயிரம் பவுண்டு. சிகரெட்டை விட்டு இதற்கு மாறினால், நாளுக்கு ஒரு பாக்கெட், பாக்கெட் பதினாறரை பவுண்டு, வருஷத்துக்கு ஆறாயிரம், அத்தனையும் மிச்சம் என்று அதில் போட்டிருந்தது. "ஹெலன், ஆறாயிரம். கால் நீட்டிப் படுத்துக்கிட்டே நியூசிலாந்து போகலாம்" என்றார். நீங்கள் எப்போதாவது ஆறாயிரம் செலவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். உன் கேரி சித்தப்பா லாரியில் போய்வரும்போது பெல்ஜியத்திலிருந்து கொண்டுவரும் புகையிலையை இவரே தாளில் சுருட்டிக் குடிப்பவர், வாரத்துக்குப் பதினைந்து பவுண்டு ஆகும், கடையில் பாக்கெட் வாங்கி நான் பார்த்ததே இல்லை. செலவே செய்யாத பணத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்பது என் சந்தேகம். "அது கடைக்காரங்க போட்ட கணக்கு, நானா போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் வாங்கி வந்த கருவியின் பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டார்.

சேமிப்பு அன்றைக்கே தொடங்கியது. முதல் கருவி முப்பத்தைந்து பவுண்டு. அது இருமலைக் கொடுத்தது என்று டார்ச் விளக்கு மாதிரி இன்னொன்று. அதற்குள் போடும் கம்பிச் சுருள் வாரம் ஒன்று கருகியது. பிறகு அதில் ஊற்றி ஊதும் வாசனைத் திரவங்கள். அந்தக் கடையில் டோனா என்று ஒரு பெண் இருக்கிறாள், அவள் வங்கியில் வேலைக்குப் போயிருந்தால் இந்த நாடு இன்னும் சீக்கிரம் திவாலாகியிருக்கும். "உங்க முகத்துக்கு மாம்பழம்தான் செட் ஆகும் டேரன்" என்று சொல்லியிருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆணின் முகத்துக்கு எந்தப் பழம் பொருந்தும் என்று கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை, என் குறைதான். மாம்பழம், தர்பூசணி, எலுமிச்சை கேக், நீல நிறத்தில் எதற்கும் பொருந்தாத ஒன்று. வரவேற்பறைக்குள் நுழைந்தால் எங்கோ ஒரு பழக்கூடை செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். நாய் தும்மித் தும்மி மாடியிலேயே தங்கிவிட்டது. முன்பெல்லாம் சுருட்டிய சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருந்தது, விரல் சுடும், எழுந்து உள்ளே வருவார், மழை பெய்தால் வெளியே போகச் சோம்பி ஒன்றைக் குறைத்துக்கொள்வார். இதற்கு முடிவும் கிடையாது மழையும் கிடையாது, சோபாவில் சாய்ந்தபடி செய்தி தொடங்கியதிலிருந்து வானிலை அறிக்கை வரைக்கும் ஊதுகிறார். கேரி சித்தப்பா ஒருநாள் வந்து, "அண்ணி, அண்ணன் என் வயித்துல அடிச்சுட்டான், அவனுக்குன்னு வாங்கினது நாலு பொட்டலம் லாரியில கிடக்கு, நீங்களாவது எடுத்துக்கிறீங்களா" என்று கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று பிறகு வரும்.

என் வேலை உனக்குத் தெரியும், தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் தினமும் இருநூறு மாதிரிப் புட்டிகளுக்கு எண் போட்டு, எடுத்த இடம், தேதி, எடுத்தவர் என்று எழுதி ஒட்டுபவள். கை சும்மா இருக்காது. அவர் தீர்த்த குப்பிகளைக் கழுவிக் குளியலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் அதேபோல் லேபிள் ஒட்டினேன். எட்டு வாரத்தில் நாற்பத்து மூன்று. பதினைந்து பவுண்டு செலவழித்துக்கொண்டிருந்தவர் சேமிப்பதற்காக வாரம் இருபத்தொன்று செலவழித்திருக்கிறார், கருவிகளை நான் சேர்க்கவில்லை, இரக்க குணம். டிக்கெட்டுக்கு என்று உன் பெயர் எழுதி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு கேரவன் சாவி மட்டும்தான் இருந்தது. அவர் பல் தேய்த்தபடி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றதை ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். மறுநாளிலிருந்து பழங்களெல்லாம் ஓய்ந்தன, வெறும் புதினா, வாரத்துக்கு இரண்டு குப்பி, எட்டு பவுண்டு. நியாயமாகச் சொன்னால் அப்போதுதான் ஏழு பவுண்டு மிஞ்சத் தொடங்கியது. அந்த வேகத்தில் போனால் உன்னுடைய நான்காவது கல்யாண நாளுக்கு வந்து சேர்ந்துவிடுவார் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். எழுந்து தோட்டத்துக்குப் போய் மழையில் நின்றார், ஊதவும் இல்லை.

செப்டம்பரில்தான் அந்தப் பிரசுரத்தில் யாரும் போடாத ஒரு வரவு வந்தது. உன் அப்பாவுக்கு மூக்கு திரும்பி வந்தது. ஒரு மாலை சமையலறைக்குள் வந்து, "குளிர்பெட்டிக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு" என்றார், பார்த்தால் நான்கு நாள் முந்தைய மீன். பிறகு நாயின் படுக்கை, பக்கத்து வீட்டு வறுவல், அடைத்துக்கொண்டிருந்த சாக்கடை, எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். தொழிற்சாலையிலிருந்து வந்து, "அந்தப் பசை நாத்தத்துலயா முப்பது வருஷம் நின்னேன், ஒருத்தனும் சொல்லலியே" என்று அதிசயப்பட்டார். ஒரு மனிதர் தன் வீட்டையே புதிதாகச் சுற்றிப் பார்ப்பதுபோல் இருந்தது, சொன்னால் நம்ப மாட்டாய், எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு வாரம்தான். பிறகு ஓர் இரவுச் சாப்பாட்டில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஹெலன், நம்ம வீட்டுக்குள்ள யாரோ சிகரெட் பிடிக்கிறாங்க" என்றார். கேரியாக இருக்கும் என்றேன். கேரி பத்து நாளாகப் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப்பில் இருக்கிறான் என்றார். அப்படியானால் பழைய திரைச்சீலையாக இருக்கும் என்றேன். மறுநாள் இரண்டு திரைச்சீலையையும் கழற்றித் துவைத்துப் போட்டார் பாவம்.

திரைச்சீலை இல்லை ஹேஸல், நான்தான். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் தொடங்கியது, நீ வயிற்றில் இருந்தபோது விட்டேன், நீ மழலையர் பள்ளிக்குப் போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது. நாளுக்கு ஐந்து. வேலை செய்யும் இடத்தில் புட்டிக் கிடங்குக்குப் பின்னால் மூன்று, நாயை நடத்திப் போகும்போது இரண்டு. இருபது வருஷம் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் உன் அப்பாவின் புகைக்குள் என் புகை சௌகரியமாகக் குடியிருந்தது. என் கோட்டில் என்ன நாறினாலும் அது அவருடையது. அவர் விட்ட அன்றே என் கூரையைப் பிரித்துவிட்டார், மாம்பழத்தையும் டோனாவையும் நான் இவ்வளவு நாள் கிண்டல் செய்ததில் விஞ்ஞானம் எவ்வளவு பயம் எவ்வளவு என்று நீயே பிரித்துக்கொள். உனக்குப் பதினாறு வயதில் பள்ளிப் பையில் ஒரு சிகரெட் அகப்பட்டு, நுரையீரல் படமெல்லாம் வரைந்து நாற்பது நிமிஷம் உனக்குச் சொற்பொழிவு ஆற்றினேனே, முடிந்ததும் நாயை அழைத்துக்கொண்டு வெளியே போனேன், நினைவிருக்கிறதா. அந்தச் சிகரெட் வீணாகவில்லை.

அக்டோபர் முதல் வாரம் ஒருநாள் நான் குடையை வீட்டில் மறந்துவிட்டேன். மாலையில் தெப்பமாக நனைந்து வந்தேன், வழக்கமாக அதற்கு ஒரு பாட்டு பாடுபவர் துண்டை மட்டும் நீட்டினார். மூன்று நாள் அப்படியே போயிற்று. நான்காம் நாள் மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் சாண்ட்விச்சுக்கு அடியில் ஒரு சிறிய கருவியும் புதினாக் குப்பியும் அந்தத் துண்டுப் பிரசுரமும் இருந்தன. குப்பியில் என் லேபிள், அவர் கையெழுத்து. மாதிரி எண் 44. எடுத்த இடம், புட்டிக் கிடங்கின் பின்புறம். எடுத்தவர், ஹெலன். முடிவு, போகப் போகத் தெரியும். குடையை மறந்த அன்று மதியம் அதைக் கொடுக்க அத்தனை தூரம் வந்திருக்கிறார், நான் சுவரில் சாய்ந்து நின்று புகைத்ததைப் பார்த்திருக்கிறார், குடையோடு திரும்பிப் போயிருக்கிறார். அதே இடத்தில் உட்கார்ந்து அந்தப் பிரசுரத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். பாக்கெட் பதினாறரை பவுண்டு. பெல்ஜியமும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, இருபது வருஷமாகக் கடை விலை கொடுத்து வாங்கியது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நாளுக்கு ஐந்து என்றால் வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. உன் அப்பாவின் டிக்கெட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று உனக்குத் தெரியும்.

அன்று மாலை அவரிடம் அதைச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "உன் சம்பளத்துல எடுத்தா வர மாட்டேன். நீ விட்ட சிகரெட் காசுல எடுத்தா வர்றேன். ஒரு மாசம் கோட்டு நாறாம வீட்டுக்கு வா, எடுத்துடலாம்" என்றார். இரண்டும் ஒரே கணக்கிலிருந்து போகிற ஒரே பணம், எந்தப் பவுண்டு எதிலிருந்து வந்தது என்று பணத்தில் எழுதியிருக்காது என்று விளக்கினேன். "உனக்குத்தான் லேபிள் ஒட்டத் தெரியுமே" என்றார். அதன்பிறகு தினமும் வாசலில் சோதனை. நான் கோட்டைக் கழற்றுவேன், அவர் காலரை முகர்வார், எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஒன்பதாம் நாள் மேலாளரோடு ஒரு தகராறு, யாரிடமோ ஒன்று வாங்கிப் பாதிதான் பிடித்தேன், காற்று வேறு பலமாக அடித்தது. காலரைக் கீழே விட்டுவிட்டு, "நாளைக்கு ஒண்ணாம் நாள்" என்றார். திட்டவில்லை. டிக்கெட் அதற்குள் எழுபது பவுண்டு ஏறிவிட்டது, இருக்கைகளும் குறைந்துகொண்டே வந்தன, நீயோ அப்பாவின் கோட்டு அளவு கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். அந்த முப்பது நாளில் கிடங்குக்குப் பின்னால் போவதை விட்டேன், நாயை வேறு தெருவில் நடத்தினேன், அந்தப் புதினாச் சனியனை ஊதினேன். என்னைப் பார்த்தும் நாய் தும்முகிறது.

நேற்று முப்பது. நல்ல மழை. வாசலில் கோட்டைக் கொடுத்தேன், வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார், காலர், கை, உள்பக்கம். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, "மழை" என்றார். கோட்டில் வேறு எதுவும் நாறவில்லை என்று அர்த்தம். இன்று காலை டிக்கெட் எடுத்தோம். சிங்கப்பூர் வழியாக எண்பது பவுண்டு குறைவு, ஆனால் அங்கே இந்தக் கருவி பையில் இருந்தாலே குற்றமாம், ஆகவே துபாய் வழி போகும் என் விமானத்திலேயே. ஆக, செப்டம்பரிலிருந்து அவர் மிச்சம் பிடித்த எழுபது பவுண்டும், மேற்கொண்டு பத்தும், கருவிக்கே மரியாதையாகப் போய்ச் சேர்ந்தது. லாபமா நஷ்டமா என்று யாராவது உன்னிடம் கேட்டால், யார் எதை எங்கே வாங்கினார்கள் என்று முதலில் கேள், பிறகு மூக்கை வரவு செலவில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேள்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி இறங்குகிறோம், ஒரு நாளுக்கும் மேல் ஊதாமல் வந்த இரண்டு பேர் என்பதை மனதில் வைத்து முதல் ஒரு மணி நேரம் எங்களிடம் எதுவும் கேட்காதே. கேலமின் அம்மாவிடம் இதெல்லாம் சொல்ல வேண்டாம், அப்பாவின் கோட்டு அளவு நாற்பத்து நான்கு. வேலைக்காகப் பண்ணைகளுக்குப் போகும்போது மாடுகளுக்குப் பின்னால் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஒளிக்க எதுவுமில்லாமல், ஒளித்தாலும் கண்டுபிடித்துவிட்டுக் குடையோடு திரும்பிப் போகும் பொறுமையோடு, நெடுநாள் நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொள்ளும்போது காலரை நன்றாக முகர்ந்து பார். அந்தச் சொற்பொழிவை நாற்பது நிமிஷம் உட்கார்ந்து கேட்டவள் நீ, அந்த உரிமை உனக்கு உண்டு.

என்றும் உன் அம்மா,
ஹெலன்