பதினொரு பூச்சியங்கள்

2006 நவம்பர் 14, செவ்வாய்

நெவாடாப் பாலைவன மலைகளில் நான் எடுத்த பறவைக் கணக்கைப் பேராசிரியர் இன்று பார்த்தார். பதினொரு இடங்களுக்கு நேரே பூச்சியம். "ஒழுங்காகப் பார்த்தாயா?" என்றார். ஒவ்வோர் இடத்திலும் விடியலில் பத்து நிமிடம் அசையாமல் நின்றேன், பறவை இல்லை என்பதும் பதிவுதான், அழிக்க மாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அங்கே பதிந்துவந்த ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வெறும் காற்று. கணக்கில் கையெழுத்திட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஒண்டுமில்லை எண்டு எழுதவோ அவ்வளவு தூரம் போனனீ?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டார்.

இப்போது அடுத்த அறையில் டொரண்டோச் சித்தியோடு ஃபோனில் கதைக்கிறார். "ஓம், என்ர பிள்ளைதான். அந்த மலையில ஒரு குருவியும் இல்லை எண்டு கண்டுபிடிச்சதே இவள்தான்."