பின்பாட்டுக்காரி முன்னால் வருகிறாள்

என் செல்ல அக்கா ஃபிலோவுக்கு,

நீ போய் வருஷம் திரும்புவதற்குள் உன் மகள் ஜெசிக்குக் கல்யாணம் வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை. மாப்பிள்ளை அருண், தி.நகர் பையன். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. காலையில் சாந்தோமில் பூசை, சாயங்காலம் அடையாறில் ரிசப்ஷன். நீ இருந்திருந்தால் புடவை எடுக்கிறேன் என்று பாண்டி பஜார் முழுக்க என்னை இழுத்தடித்திருப்பாய்.

அதையெல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். சண்டை வந்தது உன் பாட்டுக்காக.

நம் அப்பா ஹோட்டல் சமையல்கட்டுக்கு மீன் போட்ட காலம் ஞாபகம் இருக்கிறதா? கூடையோடு பின்வாசலில் நிற்கும்போதுதான் 'சோல்' என்கிற அந்த இங்கிலீஷ் பாட்டை முதன்முதலாகக் கேட்டோம். உள்ளே பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் கோயிலில் பாடிப் பாடி வளர்த்து, பிறகு மேடைக்குக் கொண்டுவந்த பாட்டு என்று கிடார்காரர் சொன்னார். "அதான் பாத்தேன், பூசையில அழுவுற மாதிரியே கீது" என்றாய் நீ. இங்கிலீஷ் நமக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒருத்தி கூப்பிட, மற்றவள் பதில் சொல்கிற அந்த முறை உடனே புரிந்துவிட்டது. கரைவலை இழுக்கும்போது நம் ஆட்கள் பாடுவதும் அப்படித்தானே?

அன்றிலிருந்து நீ முன்னால், நான் பின்னால். சாந்தோம் முதல் பாலவாக்கம் வரை நம் ஜனங்கள் வீட்டு ரிசப்ஷனில் கேக் வெட்டியதும் நம் பாட்டுதான். "மீன் விக்கிற பொண்ணுங்களுக்கு வெள்ளக்காரன் பாட்டு கேக்குதா?" என்று ஒருத்தர் கேலி பேசினார். "வெள்ளக்காரன் பாட்டு இல்ல நைனா, அவன்கிட்ட அடி வாங்கினவங்க பாட்டு" என்று மைக்கிலேயே சொன்னாயே. அந்த வாய் எங்கே போயிற்று அக்கா?

சரி, சண்டைக்கு வருகிறேன். நீ யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் பாடிய பழைய வீடியோவிலிருந்து, உன் குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக்கொண்டு வந்தான் அருண். ரிசப்ஷனில் அதைப் போடுவார்களாம். நான் கூடவே பின்பாட்டு பாட வேண்டுமாம். ஜெசி அதைக் கேட்டுக் கேட்டு அழுது கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தாள். நானும் அழுதேன், பொய் சொல்லமாட்டேன்.

"சூப்பரா கிளீன் பண்ணியிருக்கேன் ஆன்ட்டி. தட்டு சத்தம், மூச்சு சத்தம் எல்லாம் எடுத்தாச்சு" என்றான்.

மூச்சை எடுத்துவிட்டானாம்! வரியைப் பாதியில் நிறுத்தி நீ மூச்சு இழுப்பாயே, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நான் உள்ளே நுழைவேன்? ஒரு நாள் நீளமாக இழுப்பாய், ஒரு நாள் வெடுக்கென்று இழுப்பாய். அதற்குத் தக்கபடிதான் என் பதில். இதோடு பாடிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் இடறினேன். உன் குரல் யாருக்கும் நிற்காமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நீ என்றைக்காவது என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாயா? பாட்டைப் பொறுத்தவரை சொல்கிறேன்.

"இத போட வேணாம். நானே முன்னால நின்னு பாடறேன்" என்றேன்.

ஜெசிக்கு வந்ததே கோபம்! "எங்கம்மா கொரலு என் கல்யாணத்துல கேக்கக் கூடாதா? உனக்கு இன்னா சித்தி, பொறாமையா?"

"போடி கழுத! பொறாம இருந்தா இத்தினி வருஷம் பின்னால நின்னுக்கினு இருந்திருப்பேனா? அந்தக் கொரல வீட்ல போட்டு எவ்ளோ வேணா கேளு, அழு. மேடையில உசுரோட கீறவதான் பாடணும்" என்று கத்தினேன்.

கத்திய வாயோடு அங்கேயே, வீட்டு ஹாலில் நின்றபடி முதல் வரியை எடுத்தேன். காலமெல்லாம் பின்பாட்டு பாடிய தொண்டை, நடுங்கத்தான் செய்தது. பாதியில் நிறுத்தி உன்னைப் போலவே மூச்சை இழுத்தேன். பதிலுக்கு யாருமில்லை. அருண் பாவம், செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் விடுகிற ஆளா? அதே வரியை மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தினேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற ஜெசி, சுவரைப் பார்த்தபடியே பதிலைப் பாடினாள். என் இடம் அக்கா, என் இடம்! சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, அழுது அழுது மூக்கு வேறு அடைத்திருந்தது. ஆனால் விழவேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? குழந்தையாக இருந்தபோது மேடைக்குப் பின்னால் தூங்கவைத்துவிட்டுத்தானே நாம் பாடப் போவோம். தூங்கவே இல்லை போலிருக்கிறது, திருட்டுக் கழுதை.

அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அருண்தான் டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்துவிட்டான்.

பேண்டுக்குச் சொல்லியாகிவிட்டது. டிஜே பையனிடமும், கேக் வெட்டியதும் பெட்டியை அணைத்துவிட்டு உட்காரு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஜெசி கவுனோடு என் பக்கத்தில் நிற்பாள்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, சனிக்கிழமை அந்த மைக்கை நான் யாருக்கும் விடமாட்டேன். குரல் உடைந்தால் உடைந்த குரலிலேயே முடிப்பேன். அதற்கப்புறமும் எந்த வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் போய்ப் பாடுவேன். நீ மேலேயிருந்து கேட்டுக்கொண்டிரு. நான் நிறுத்துகிற இடத்தில், சும்மா இருக்க முடியாமல் நீ பாடிவிடாதே. அங்கே உன் மகள் பாடுவாள்.

இனி முன்னால் நிற்கும் உன் தங்கச்சி,
லில்லி