அண்ணன் ரோல்பேக் செய்த அந்த ஒரு மைக்ரேஷன்

என் சேவியர் அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் உன்னை யாரும் அடிக்கக் கூடாது என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிகளுக்கு வரிசை போடும் வெப்சைட்டை நாம் இருவரும்தான் கட்டினோம். முதலில் வந்த லாரி முதலில் உள்ளே போகும். அதில் 'முன்னுரிமை' என்று ஒரு ஃபீல்டைச் சேர்க்கச் சொன்னார் துறைமுகத்து மேனேஜர். மீன் லாரிகளுக்கு மட்டும் என்றார். அதை நம்பி, டேட்டாபேஸை மாற்றும் மைக்ரேஷன் ஃபைலை நீ எழுதினாய். அதன்பின் அவருக்கு வேண்டியவர்களின் லாரிகளே முந்திப் போயின. ஏன் என்று கேட்ட ஆறுமுகநேரி டிரைவரை நடுரோட்டில் போட்டு மிதித்தார்கள். ஒரு கண் போய்விட்டது.

அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து நீ சாப்பிடவில்லை. "ஏளா, இத எடுத்துருவோம்" என்றாய். சோதனைக்கு வைத்திருந்த டேட்டாபேஸை அழித்து, எல்லா மைக்ரேஷனையும் முதலிலிருந்து ஓட்டி, கடைசி ஒன்றை மட்டும் ரோல்பேக் செய்து, அது போட்ட மாற்றத்தை விலக்கினாய். மாதிரி லாரிகள் வந்த வரிசையில் நின்றன. பிறகுதான் உண்மையான சர்வரில் கை வைத்தாய்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேர் நம் ஆபீஸ் ரூமுக்குள் வந்தார்கள்.

"ஏலே, திரும்பப் போடுதியா, இல்லியா?"

"போட மாட்டேன் அண்ணாச்சி."

மரியாதையாகத்தானே சொன்னாய்? வீல் ஸ்பேனர் உன் காதுக்கு மேல் இறங்கியது. ஒருத்தன் மணிக்கட்டைக் கடித்தேன். என் வாய் நிறைய ரத்தம். அவன் என்னைச் சுவரில் அடித்தான். எழுந்தபோது நீ மேசைக்கடியில் கிடந்தாய், உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்ல வந்தாய் அண்ணே?

உன்னைக் கொன்ற மூன்று பேரும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். போன வாரம் மேனேஜர் வீட்டுக்கே வந்தார்.

"ரோல்பேக்தான பண்ணிருக்கான், ஃபைலு அப்படியேதான இருக்கு. ஒரு கமாண்டு போடு. ஒங்க அம்மையையும் நெனச்சுக்க."

அடுப்பில் கொதித்த மீன்குழம்பை அவர் காலடியில் ஊற்றினேன். "அடுத்தது மூஞ்சிலதான்" என்றேன். அவர் போவதற்கு அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் சொன்னது உண்மை. ஃபைல் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் அதை மறுபடி ஓட்டலாம். அதில் எழுதியவர் என்று உன் பெயர் இருந்தது. அன்றைக்கே அதை அழித்தேன். சோதனை டேட்டாபேஸை ரீசெட் செய்து, மிச்சத்தை முதலிலிருந்து ஓட்டினேன். பிழை ஒன்றும் வரவில்லை. சர்வரிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

நாளைக்கே வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வார்கள், தெரியும். எழுதட்டும். உன் பெயரில் அது இருக்காது.

அடுத்த மாதம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். அந்த மூன்று பேரையும் முகத்துக்கு நேராகக் கை நீட்டிக் காட்டுவேன். குரல் உடைந்தால் உடையட்டும், சொல்லி முடிக்காமல் இறங்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
ரெஜினா