மருந்துப் பதிவேட்டில் உன் கையெழுத்து

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலிதான். மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறேன்.

நம் முதியோர் இல்லத்துக்கு நேற்று தபாலில் உரிமம் வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள். பதிவு பெற்ற நர்ஸ் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. நீ இங்கிருந்து போய் இரண்டு வருடமாகிறது என்று அவர்களிடம் நான் மூச்சு விடவில்லை. நர்ஸ் இல்லாமல் உரிமம் தரமாட்டார்கள். உன் சான்றிதழ் இன்னும் ஆபீஸ் சுவரில்தான் தொங்குகிறது. மருந்துப் பதிவேட்டில் உன் கையெழுத்தையும் நான்தான் போடுகிறேன். இப்போது உன்னைவிட அழகாகவே வருகிறது, போ.

நாலாம் கட்டில் கணக்கு வாத்தியார் போன மாதம் தவறிவிட்டார், வயதாகிவிட்டது என்று போனில் சொன்னேன் இல்லையா? அது பொய்.

அன்றைக்குத்தான் உரிமத்துக்கான ஆய்வு. பதிவேடு நிறைவாகத் தெரியட்டும் என்று காலையிலேயே அன்றைய கட்டங்கள் எல்லாவற்றிலும் உன் கையெழுத்தைப் போட்டுவைத்தேன். மதியம் அவருக்கு இன்சுலின் போட்டாயிற்றா என்று அதில் பார்த்தால் என்ன தெரியும்? ஆயா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரையே கேட்டேன். "போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கும்மா" என்று சிரித்தார். நான் போட்டேன். ஆயா ஏற்கெனவே போட்டிருந்தாள்.

சாப்பாடு வேண்டாம், தூக்கம் வருது என்றார். அதிகாரி கூடத்தில் டேப் வைத்துக் கதவை அளந்துகொண்டிருந்தார். இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று போர்த்திவிட்டு வந்தேன். அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, "இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்லம்மா" என்றார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து தொட்டால் வாத்தியாரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எழுப்ப முடியவில்லை.

அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டீங்கக்கா" என்று அழுதார். பாவி நான்.

மூன்று முறை உரிமம் கொடுத்த அந்த அலுவலக வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மீதிப் பதினொரு பேர் எங்கே போவார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயம்தான். அலுவலக முகவரியை உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ இந்த இல்லத்தில் வேலையில் இல்லை என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதி, இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பிவிடு. அக்காவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று நினைக்காதே. அது போய்ச் சேரும்வரை தினமும் உன் பெயரை நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

உன் பெயருக்கு ஒரு களங்கமும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. கீழே இருப்பது என் கையெழுத்துதான்.

அக்கா